பாறை நிலத்துக்கு ஏற்ற தாள்: இல்ஃபோர்ட் வார்ம்டோன் ஃபைபர் தாளும் கைவண்ண நிலக்காட்சியும்

இல்ஃபோர்ட் நிறுவனத்தின் 'மல்டிகிரேட் எஃப்பி வார்ம்டோன்' தாளில், அதன் செமி-மேட் (பாதி மங்கலான) பரப்பு கொண்ட வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மலைகளையும் கோட்டைகளையும் நீர்நிலைகளையும் கறுப்பு-வெள்ளையில் பிரிண்ட் போட்டு, அவற்றுள் ஒரு பகுதிக்குக் கையால் வண்ணமும் தீட்டிப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு-வெள்ளையாகவே நின்று பேசக்கூடிய பிரிண்ட்டையும், அதன் மேல் மெல்லிய எண்ணெய் வண்ணத்தை ஏற்கும் பரப்பையும் ஒரே தாளில் தேடுபவருக்கு நான் பயன்படுத்திய தாள்களில் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலும் நம் ஊர்த் தண்ணீரும் இந்தத் தாளுக்கு இணக்கமானவை அல்ல. அவற்றைச் சமாளிக்கத் தெரியாமல் வாங்கினால் பணமும் உழைப்பும் வீணாகும்.

முதலில் தாளைப் பற்றி. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள மாப்பர்லியில், ஹார்மன் டெக்னாலஜி நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. ஆல்ஃபிரட் ஹார்மன் 1879-ல் தொடங்கிய தொழிலின் தொடர்ச்சி அது. ஃபைபர் தாள் என்றால் பிளாஸ்டிக் பூச்சு இல்லாத, உண்மையான காகித அடித்தளம் கொண்ட தாள். காகிதத்தின் மேல் பேரியம் சல்பேட் கலந்த பரைட்டா என்னும் வெண்பூச்சும், அதன் மேல் வெள்ளி உப்புகள் கலந்த ஜெலட்டின் படலமும் இருக்கும். ஸ்டுடியோக்களில் பெரிதும் புழங்கிய ஆர்சி தாளில் காகிதத்தின் இருபுறமும் பாலித்தீன் பூச்சு இருப்பதால், ரசாயனம் உள்ளே இறங்காது. விரைவாகக் கழுவலாம், விரைவாகக் காயும். ஃபைபர் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 255 கிராம் எடை கொண்டது. கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஒரே தாளில் மென்மையான தொனியும் கடுமையான தொனியும் கிடைக்கும்படி, என்லார்ஜரில் (நெகட்டிவின் பிம்பத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் கருவி) 00 (மிக மென்மை) முதல் 5 (மிகக் கடுமை) வரையிலான ஃபில்டர்களைப் போட்டு கான்ட்ராஸ்ட்டை மாற்றிக்கொள்ளலாம். வார்ம்டோன் என்பதற்கு ஏற்ப, இதன் கறுப்பு நீலம் கலந்த கறுப்பாக இராமல், மிக மெல்லிய பழுப்பு கலந்ததாக இருக்கும். தாளின் வெண்மையும் சற்றே இளஞ்சூடானது.

இந்தப் பழுப்புச் சாயல் நம் நிலத்துக்கு ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நிலக்காட்சி என்றால் பெரும்பாலும் பாறைதான். நைஸ் பாறையும் கிரானைட்டும் குன்றுகளாகவும் உருண்டைக் கற்களாகவும் எங்கும் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே செம்மண், மாந்தோப்பு, முட்புதர், எப்போதாவது நிரம்பும் ஏரி. உச்சி வெயிலில் இந்தப் பாறைகள் வெளிறிப்போய் ஒரு தட்டையான சாம்பல் நிறமாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும்தான் அவற்றின் மேடும் பள்ளமும், மழைநீர் வழிந்த கறைகளும், பாசி காய்ந்த திட்டுகளும் கண்ணுக்குப் புலப்படும். அந்த நுண்ணிய சாம்பல் வேறுபாடுகளைக் காப்பாற்றும் தாள் வேண்டும். குளிர்ந்த தொனி கொண்ட தாளில் இதே பாறைகளைப் பிரிண்ட் போட்டபோது அவை சிமெண்ட் சுவர்போல உயிரற்றுத் தெரிந்தன. வார்ம்டோனில் அவை வெயில் பட்ட கல்லாகவே இருக்கின்றன.

நெகட்டிவுக்கு நான் பயன்படுத்துவது அதே நிறுவனத்தின் எஃப்பி4 பிளஸ் ஃபிலிம், ஐஎஸ்ஓ 125. ஃபிலிமைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கேமராவில் போடும் வண்ணக் கண்ணாடி ஃபில்டரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். எல்லா நிறங்களையும் உணரும் பாங்க்ரோமேட்டிக் ஃபிலிமில் சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் கறுத்து மேகம் வெண்மையாக எழும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம் செம்மண் அதே ஃபில்டரில் வெளிறிப்போய், மாந்தோப்பின் பச்சை கறுத்து, நிலம் பனி பெய்ததுபோலவும் மரங்கள் கரியாகவும் தெரியும் அபாயம் உண்டு. பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளை எடுப்பவர்களுக்கு மஞ்சள் ஃபில்டரே போதும். வெறும் பாறையும் வானமும் உள்ள இடத்தில் ஆரஞ்சு பொருந்தும். இந்தத் தேர்வில் பிழை நேர்ந்தால் எந்தத் தாளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இந்த மண்ணுக்கும் கறுப்பு-வெள்ளை நிலக்காட்சிக்கும் உள்ள உறவு புதியதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்து 1858-ல் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. தருமபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டங்கள் ஆயின என்பதால், அன்று இவை யாவும் சேலம் மாவட்டமே. 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் கைக்குப் போன அந்த மலைக்கோட்டை, அதற்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு புகைப்படத் தொகுதியாகவும் வெளிவந்துவிட்டது என்பதை நம் மாவட்டத்தில் கேமரா வைத்திருக்கும் பலரும் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பள்ளிப் பாடத்தில் இல்லாவிட்டாலும், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலாவது அந்தப் படங்களின் நகல்கள் நிலையாக மாட்டப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

டிரைப் மெழுகு பூசிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 12-க்கு 15 அங்குல அளவு. அக்காலத்து நெகட்டிவ்கள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. ஆகவே நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்ட்டில் வெற்று வெள்ளையாக நின்றது. பச்சையும் சிவப்பும் மிகவும் கறுத்துப்போயின. டிரைப் அந்த வெறுமையை ஏற்றுக்கொள்ளவில்லை. நெகட்டிவின் மேல் நிறமி தடவி மேகங்களையும், இலைத்திரள்களின் வெளிச்சத்தையும் தானே தீட்டிச் சேர்த்தார். புகைப்படத்தின் மேல் கையால் வேலை செய்வது கலப்படம், கணினி வந்த பிறகு தோன்றிய வழக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நிலத்தைப் படமெடுத்த முன்னோடிகளுள் ஒருவரே தூரிகையும் எடுத்திருக்கிறார். அவர் அதை நெகட்டிவில் செய்தார், நான் பிரிண்ட்டில் செய்கிறேன்.

தாளைச் சோதித்த விதத்துக்கு வருகிறேன். முதல் சோதனை வண்ணமே இல்லாதது. ராயக்கோட்டை மலையை அடிவாரத்திலிருந்து எடுத்த நெகட்டிவையும், சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளை மாலை வெயிலில் எடுத்த நெகட்டிவையும் தேர்ந்துகொண்டேன். கல்திட்டைகள் இத்தகைய தாளுக்குக் கடுமையான தேர்வு: மேலே மூடியிருக்கும் பலகைக்கல்லில் வெயில் நேராக விழுகிறது, உள்ளே இருட்டு. இரண்டும் ஒரே படத்தில் பதிய வேண்டும். 2½ ஃபில்டரில், மல்டிகிரேட் டெவலப்பரை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து உருவேற்றியபோது, மேற்கல்லின் சொரசொரப்பு ஒவ்வொரு புள்ளியாக நின்றது. உள் இருட்டில் பின்பக்கப் பலகைக்கல்லின் விளிம்பு மெல்லத் தெரிந்தது. இந்த அளவு நிழல் விவரத்தை ஆர்சி தாளிலும் எடுக்கலாம். ஆனால் ஆர்சியில் அது மேற்பரப்பில் ஒட்டிய மினுமினுப்பாக இருக்கும், இங்கே காகிதத்துக்குள்ளிருந்து எழுவதுபோல் இருக்கிறது. நிறுவனம் ஃபைபர் தாளுக்குச் சொல்லும் உருவேற்றும் நேரம் 20 டிகிரி செல்சியஸில் 2 நிமிடம். அதற்கு முன்னால் அவசரப்பட்டுத் தாளை வெளியே எடுப்பதுதான் பல பிரிண்ட்டுகள் சோகையாக இருப்பதற்குக் காரணம். நான் 3 நிமிடம் விடுகிறேன். ஆழமான கறுப்பு அந்தக் கடைசி நிமிடத்தில்தான் நிறைவடைகிறது. எக்ஸ்போஷரும் (தாளில் ஒளி விழும் நேரம்) சாதாரணத் தாளைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதால், மங்கிய பல்பு கொண்ட பழைய என்லார்ஜரை வைத்திருப்பவர்கள் பெரிய அளவுகளுக்குப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும்.

ராயக்கோட்டைப் படத்தில் எனக்கு வேறொரு நிறைவு கிடைத்தது. மலையின் வலப்புறச் சரிவில் கோட்டை மதில் பாறையோடு பாறையாகக் கலந்து, எது இயற்கை, எது கட்டியது என்று பிரித்தறிய முடியாதபடி கிடக்கும். வண்ணப் படத்தில் மதிலின் மேல் முளைத்த செடிகளின் பச்சையே கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். கறுப்பு-வெள்ளையில் மதிலின் அடுக்குக் கோடுகள் மட்டும் மெல்ல எழுந்து நிற்கின்றன. கறுப்பு-வெள்ளையை நிறம் கழிக்கப்பட்ட படம் என்று கருதாமல், வடிவத்தை முன்னே கொண்டுவரும் தனிக் கலையாகக் கருத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் வேறு சிலரும் 1932-ல் எஃப்/64 என்ற குழுவைத் தொடங்கி, ஓவியத்தைப்போல் மங்கலாக்கப்பட்ட படங்களை விட்டு, கூர்மையான, நேர்மையான பிரிண்ட்டை வலியுறுத்தியதும் இந்த நம்பிக்கையால்தான். அவர்கள் கைவண்ணத்தை ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வகுத்த பிரிண்ட் ஒழுக்கத்தைக் கற்ற பிறகே கைவண்ணத்தில் இறங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே இருக்கும் படம் அரைகுறையாக இருந்தால் மேலே பூசும் நிறம் அதைக் காப்பாற்றாது.

இனி வெயிலும் தண்ணீரும். ரசாயனங்களுக்கான அட்டவணைகள் எல்லாம் 20 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. இங்கே ஏப்ரல், மே மாதங்களில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்தாலே சுடும். அந்தச் சூட்டில் டெவலப்பர் கட்டுப்பாடின்றி வேகமாக வேலை செய்யும். ஜெலட்டின் உப்பி மென்மையாகி, நகம் பட்டாலே கீறல் விழும். நான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரிய பிரிண்ட்டுகளைப் போட்டுக்கொண்டு, கோடையில் ஃபிலிம் மட்டும் கழுவுகிறேன். ஃபிலிமுக்கு வழி உண்டு: ஐடி-11 டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் எஃப்பி4 பிளஸுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம், 24 டிகிரிக்குச் சுமார் 8 நிமிடம் என்று குறைத்துக்கொள்ளலாம். தாளுக்கு அப்படிச் செய்வதைவிட, டெவலப்பர் தட்டை ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய தட்டுக்குள் வைப்பதே நல்லது. ஐஸ் கட்டிகளை நேராக டெவலப்பரில் போட்டால் உருகும் தண்ணீரில் அதன் வலிமை நீர்த்துப்போகும்.

தண்ணீரின் தன்மை அடுத்த சிக்கல். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதும் நாம் அறிந்தவை. புகைப்படக்காரருக்கு ஃப்ளோரைடைவிட உப்பும் சுண்ணாம்புமே தொல்லை. போர் தண்ணீரில் கடைசியாக அலசிய நெகட்டிவ் காயும்போது வெள்ளைத் திட்டுகள் படியும். கேன் தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கடைசி அலசலைச் செய்தால் இது தீரும்.

ஆனால் தண்ணீரின் அளவுதான் என் மனத்தை அதிகம் உறுத்தியது. ஃபைபர் தாளின் காகிதத்துக்குள் ஃபிக்சர் (படத்தை நிலைப்படுத்தும் ரசாயனம்) இறங்கிவிடுவதால், அதை முழுவதும் வெளியேற்றப் பழைய முறையில் ஒரு மணி நேரம் ஓடும் நீரில் கழுவச் சொல்வார்கள். குடம் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு அப்படிக் கழுவ என்னால் முடியாது. நிறுவனமே பரிந்துரைக்கும் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது: வீரியமான ரேபிட் ஃபிக்சரில் 1 நிமிடம் மட்டும், பிறகு 5 நிமிடம் கழுவல், 10 நிமிடம் வாஷ்எய்ட் கரைசல் (ஃபிக்சரை விரைவில் வெளியேற்ற உதவுவது), மீண்டும் 5 நிமிடம் கழுவல். ஃபிக்சரில் குறைந்த நேரமே இருப்பதால் அது காகித இழைகளுக்குள் ஆழமாக இறங்குவதில்லை. இந்த முறையின் சூட்சுமம் அதுதான். வாஷ்எய்ட் கிடைக்காதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்துப் பயன்படுத்தலாம். ஓடும் நீருக்குப் பதிலாகத் தட்டில் தண்ணீரைப் பல முறை மாற்றி ஊறவைத்தும் கழுவலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஃபிக்சரோ வெள்ளி கலந்த கழிவோ தோட்டத்து மண்ணில் ஊற்றப்படக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கைவண்ணத்துக்கு வருவோம். புகைப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே அதற்கு வண்ணம் தீட்டும் வேலையும் தொடங்கிவிட்டது. 1860-களில் ஜப்பானின் யோகோஹாமாவில் ஃபெலீசே பேயாத்தோ நடத்திய ஸ்டுடியோவில், உள்ளூர் ஓவியர்கள் ஆல்புமென் (முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்ட) பிரிண்ட்டுகளுக்கு நீர்வண்ணம் தீட்டினார்கள். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாலஸ் நட்டிங், நியூ இங்கிலாந்தின் பூத்த மரங்களையும் கிராமப் பாதைகளையும் மங்கலான பரப்புள்ள பிளாட்டினம் தாளில் பிரிண்ட் போட்டு, பெண் கலைஞர்கள் பலரைக் கொண்டு வண்ணம் தீட்டி, நடுத்தர வீடுகளின் சுவர்களுக்கு விற்றார். நம் நாட்டிலோ வண்ணம் பெரும்பாலும் உருவப்படங்களுக்கே போனது. ராஜஸ்தான் அரண்மனை ஓவியர்கள் கெட்டியான வண்ணத்தால் புகைப்படத்தையே மூடினார்கள். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் கன்னத்துக்கும் உதட்டுக்கும் புடவைக் கரைக்கும் சாயம் தொட்டார்கள். நிலக்காட்சிக்கு அந்தக் கை வரவே இல்லை. பழைய டச்சிங் (படத்தைக் கையால் திருத்தித் தீட்டும்) கலைஞர்களின் அந்தத் திறமை மலைகளையும் ஏரிகளையும் தொடாமலே மறைந்துபோனது பெரிய இழப்பு.

இங்கே கெட்டியான வண்ணம், ஊடுருவும் வண்ணம் என்ற வேறுபாடு மிக முக்கியம். ஊடுருவும் எண்ணெய் வண்ணம் கீழே இருக்கும் வெள்ளிப் படத்தை மறைக்காது. அதற்கு நிறம் மட்டும் ஏற்றும். புகைப்படத்துக்கென்றே வந்த மார்ஷல்ஸ் எண்ணெய் வண்ணங்கள் இந்த வகை. அவை இல்லாதவர்கள் ஓவியர்களுக்கான எண்ணெய் வண்ண ட்யூப்களிலேயே ஊடுருவும் தன்மை கொண்டவற்றைத் தேர்ந்து, மிகச் சிறிதளவு டர்பன்டைன் சேர்த்துப் பயன்படுத்தலாம். நம் நிலத்துக்கு நான்கு நிறங்களே போதும்: ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), விரிடியன் பச்சை, அல்ட்ராமரின் நீலம். மாந்தோப்பின் பச்சை விரிடியனில் சியன்னா கலந்தால் கிடைக்கும். விரிடியனைத் தனியாகப் பூசினால் அது ஊட்டிப் பச்சையாகிவிடும், கிருஷ்ணகிரிப் பச்சையாகாது.

வார்ம்டோன் செமி-மேட் தாள் இந்த வேலைக்கு எப்படி ஒத்துழைக்கிறது? பரப்பில் மிக நுண்ணிய சொரசொரப்பு இருப்பதால் வண்ணத்துக்குப் பிடிப்பு கிடைக்கிறது. பளபளப்பான தாளில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். முழு மேட் தாளில் வண்ணம் சட்டென்று உறிஞ்சப்பட்டு, துடைத்தாலும் போகாத கறையாகிவிடும். இதில் வண்ணத்தைப் பஞ்சால் தடவி, வேறொரு சுத்தமான பஞ்சால் தேய்த்து எடுத்து, தேவையான மென்மை வரும்வரை மீண்டும் மீண்டும் திருத்த நேரம் கிடைக்கிறது. வேலை தொடங்கும் முன் பரப்பு முழுவதும் டர்பன்டைன் கலவையை மெல்லத் தடவித் துடைத்துவிட்டால் வண்ணம் திட்டுத்திட்டாகப் பிடிப்பதில்லை. சிறிய இடங்களுக்கு ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றிக்கொள்ள வேண்டும். தூரிகை கோடு விடும். பிரிண்ட்டை முன்னதாகவே செப்பியா டோனிங் (ரசாயனத்தால் படத்தைப் பழுப்பாக்குதல்) செய்துகொண்டால், பழுப்பேறிய வெள்ளிப் படம் சியன்னாவோடு இயல்பாக இணைந்து, எங்கே படம் முடிந்து எங்கே வண்ணம் தொடங்குகிறது என்பது தெரியாமல் போகிறது. டோனிங்குக்கு இந்தத் தாள் விரைவாகவும் தாராளமாகவும் மாறுவது அதன் பெரிய பலம். அது வெள்ளிப் படத்துக்கு நீடித்த ஆயுளையும் தருகிறது.

ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. ஊடுருவும் வண்ணத்தால் இருட்டை வெளிச்சமாக்க முடியாது. கறுப்பின் மேல் எந்த நிறமும் தெரியாது. வண்ணம் நடுத்தரச் சாம்பலிலும் வெளிர்ந்த பகுதிகளிலும்தான் வாழும். ஆகவே கைவண்ணத்துக்கான பிரிண்ட்டை, கண்காட்சிக்கான கறுப்பு-வெள்ளைப் பிரிண்ட்டைவிட அரை கிரேடு மென்மையாகவும் சற்று வெளிறலாகவும் போட வேண்டும். நான் 2½-க்குப் பதில் 2 ஃபில்டரைப் பயன்படுத்துகிறேன். இந்தத் தாள் அந்த மென்மையிலும் சோர்ந்துவிடாமல், பாறையின் அடர்ந்த விரிசல்களைக் கறுப்பாகவே வைத்திருக்கிறது.

கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பை மாலையில் எடுத்த படம் கைவண்ணத்தில் எனக்கு மிகவும் நிறைவளித்தது. தென்பெண்ணையின் தேங்கிய நீருக்கு நீலம் பூசவே இல்லை; கரையின் செம்மண் விளிம்புக்கு மட்டும் பர்ன்ட் சியன்னாவும், தொலைவுக் குன்றுகளுக்கு மிக மெல்லிய அல்ட்ராமரினும். நீர் வெள்ளியாகவே இருக்கட்டும் என்று விட்டதால்தான் கரைக்குச் சூடு வந்தது. இதற்கு நேர்மாறாக, ஒகேனக்கல் அருவிப் படங்கள் எந்த வண்ணத்தையும் ஏற்கவில்லை. காவிரி கர்நாடகத்திலிருந்து பெருகி வந்து, பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்படும் நாட்களில் எடுத்த நெகட்டிவ்களில் நீர்த்திவலையும் புகைபோன்ற சாரலும் தூய வெண்மை. அங்குள்ள பாறைகளின் கறுப்போடு மோதும் அந்த வெண்மையே படத்தின் உயிர். அதன் மேல் எந்தச் சாயம் பட்டாலும் வாழ்த்து அட்டையாகிவிடுகிறது. அப்படங்களைக் கறுப்பு-வெள்ளையாகவே விட்டுவிட்டேன். எந்த நிலக்காட்சிக்கு நிறம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற தேர்வே இந்தக் கலையின் பாதி.

வேறு தாள்களோடு ஒப்பிட்டுச் சிறிது சொல்கிறேன். அதே நிறுவனத்தின் எஃப்பி கிளாசிக் மேட் தாள் வண்ணத்தை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். ஆனால் காய்ந்த பிறகு அதன் கறுப்பு சாம்பலாக இறங்குவதால், கறுப்பு-வெள்ளையாக மட்டும் வைத்துப் பார்க்க மனம் வருவதில்லை. செக் நாட்டின் ஃபோமா நிறுவனத்தின் ஃபோமாடோன் தாள் இதைவிடப் பழுப்பு மிகுந்தது; பழைய காலத்துச் சாயலை விரும்புபவர்கள் அதைப் பார்க்கலாம், என் கண்ணுக்கு அது பாறையை மரமாக்கிவிடுகிறது. ஆர்சி தாள் கற்றுக்கொள்பவர்களுக்கு உகந்தது. ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இயங்கிய காலத்தில், 'இந்து' பெயர் தாங்கிய தாளும் ஃபிலிமும் நம் ஸ்டுடியோக்களுக்கு எளிதாகக் கிடைத்தன. நம் மலையிலேயே தயாரான தாளில் நம் மலையைப் பிரிண்ட் போடும் வாய்ப்பு இன்று இல்லை. வெளிநாட்டுத் தாளைப் பெங்களூருவிலோ சென்னையிலோ சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. முதலாவது விலை: ஒரு தாள் கெட்டுப்போனாலும் மனம் பதறும் அளவுக்கு இருக்கிறது. ஆகவே சோதனைத் துண்டுகள் வெட்டிப் பார்க்காமல் முழுத் தாளை எடுக்கக் கூடாது. இரண்டாவது, ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியும் பிரிண்ட், காய்ந்ததும் ஒரு படி கறுத்துவிடும். செமி-மேட் பரப்பில் இது நன்றாகவே தெரிகிறது. எக்ஸ்போஷரைச் சிறிது குறைத்தே கொடுக்கப் பழக வேண்டும். மூன்றாவது, காயும்போது ஓலைபோல் சுருளும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் கொசுவலையின் மேல் முகம் கீழாகப் போட்டு உலர்த்தி, பிறகு சுத்தமான இரண்டு அட்டைகளுக்கிடையே வைத்து, மேலே மெருகேற்றிய கிரானைட் பலகையைப் பாரமாக ஏற்றினால் இரண்டு நாட்களில் தட்டையாகிவிடும். கிரானைட் பலகைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

இத்தனை பாடுபட்டுச் செய்வதைக் கணினியில் சில நிமிடங்களில் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல பிக்மென்ட் பிரிண்ட்டரில் வரும் படங்களை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். அவற்றுக்கு அவற்றின் நுட்பம் இருக்கிறது. ஆனால் கணினியில் ஒரு முறை முடித்த படம் எத்தனை முறை வேண்டுமானாலும் அதே படமாக வரும். கையால் வண்ணம் தீட்டிய பிரிண்ட், ஒரே நெகட்டிவிலிருந்து வந்தாலும், ஒவ்வொன்றும் தனி. காரணம், பஞ்சின் அழுத்தமும் அன்றைய வெளிச்சமும் தீட்டுபவரின் மனநிலையும் அதில் படிந்துவிடுகின்றன. ஆகவே விற்பனைக்கு வைப்பவர்கள் ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் போட்டோம், அவற்றுள் எத்தனைக்கு வண்ணம் தீட்டினோம், டோனிங் செய்தோமா என்பவற்றைப் பிரிண்ட்டின் பின்புற ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பால்பாயின்ட் பேனாவின் மை நாளடைவில் ஊடுருவி முன்பக்கம் வந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 8-க்கு 10 அங்குல அளவில் 25 தாள்கள் கொண்ட சிறிய பெட்டியை வாங்கினால் போதும். பெட்டியைக் கோடையில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்த உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் படிந்து தாள்கள் ஒட்டிக்கொள்ளும். டார்க் ரூம் விளக்கு வெளிர்பழுப்பு அல்லது சிவப்பாக இருக்கலாம். வண்ணம் தீட்டிய பிரிண்ட் காய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை தூசியும் பல்லியும் அண்டாத மூடிய அலமாரியில் படுக்கவைக்க வேண்டும். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அமிலமற்ற அட்டைச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். பிரேம் கடைகளில் வழக்கமாகப் பின்னால் வைக்கும் பழுப்பு அட்டையையும் ஹார்டுபோர்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள், அவற்றிலிருந்து வரும் அமிலம் ஃபைபர் தாளைச் சில ஆண்டுகளில் மஞ்சளாக்கிவிடும். மாலை வெயில் நேராக விழும் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்ட வேண்டாம்.